மேடம் உட்கார்ந்ததற்கான காரணம்

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு ஒரு பேராசை இருந்தது. மாநகரக் காவல்துறையின் எல்லாப் பிரிவுகளும் வருகிற நாவல் ஒன்றை எழுத வேண்டும். போக்குவரத்து, உளவு, குதிரைப்படை, நதிக்காவல், வெடிகுண்டு அகற்றும் பிரிவு, பேச்சுவார்த்தைப் பிரிவு, நாய்ப்படை, இவை போக எதற்கென்று அங்கேயே பலருக்குத் தெரியாத சிறப்புப் பிரிவுகள் நான்கு. என் தங்கையின் கணவர் நாய்ப்படையில் இருக்கிறார். மாப்பிள்ளையிடம் விவரம் கேட்டேன். நாய்த்தீனி மூட்டையைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார். எல்லாக் கோடுகளும் ஆணையரில் தொடங்கி நாய்ப்படையில் வந்து முடிந்தன.

நாவலின் முதல் தொடக்கம் இப்படி வந்தது: "நகரம் உறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் சட்டத்தின் கண்கள்..." அடித்துவிட்டேன். இரண்டாவது: "ஆணையர் தன் மேசைமேல் இருந்த பதினோரு தொலைபேசிகளையும் ஒரே நேரத்தில்..." அவருக்கு இருப்பது இரண்டு காது. அதையும் அடித்தேன்.

பதினோரு பிரிவுக்கும் ஆளுக்கொரு அத்தியாயம் என்றால் நீங்கள் மூன்றாவதிலேயே கொட்டாவி விடுவீர்கள். எனவே நாயை மட்டும் வைத்துக்கொண்டேன்.

2

நாயை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள்* திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அதே பதிவேட்டில் மாப்பிள்ளையைவிட அவளுக்கு ஒரு படி மேலான தரம். வீட்டில்கூடத் தங்கை, "மேடம் சாப்பிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் புருஷனுக்குத் தட்டு வைப்பாள்.

(* 'அது' என்றுதான் எழுதியிருந்தேன். தங்கை படித்துப் பார்த்து, எல்லா இடத்திலும் சிவப்புப் பேனாவால் திருத்தி அனுப்பிவிட்டாள்.)

மேடத்தின் வேலை வெடிமருந்தை மோப்பம் பிடிப்பது. கண்டுபிடித்தால் குரைக்கக் கூடாது, பிராண்டக் கூடாது. சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட வேண்டும். அவள் உட்கார்ந்தால் மாப்பிள்ளை வலது கையைத் தூக்குவார். அதற்குப் பிறகு யாரும் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள்.

ஆறு மாதமாக அவளுக்கு இடுப்பு எலும்பு சரியில்லை. இது மாப்பிள்ளைக்கும் தங்கைக்கும் மட்டும் தெரியும். இங்கே ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும், சலித்துக்கொள்ளாதீர்கள். பத்து வயதுவரை பணி செய்து ஓய்வுபெறும் நாயை, அதை வளர்த்த காவலரே வீட்டோடு வைத்துக்கொள்ளலாம். அதற்குள் உடல் தகுதி போய்விட்டால், வெளியூரில் இருக்கும் பராமரிப்பு நிலையத்துக்கு அனுப்பிவிடுவார்கள். காவலர் கையில் ஒரு புதுக் குட்டியைக் கொடுத்துவிடுவார்கள். மேடத்துக்கு வயது எட்டு.

இன்னும் இரண்டு வருஷம் ஓட்டிவிட்டால் போதும் என்று மாப்பிள்ளை கணக்குப் போட்டார். அவர்கள் இருப்பது காவலர் குடியிருப்பில், மூன்றாவது மாடி. ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு பிரிவு, எல்லோருக்கும் கண் கூர்மை. அதனால் அவள் நொண்டுவதை யாரும் பார்க்காதபடி பின்படிக்கட்டு வழியாகவே கூட்டிப்போய்க் கூட்டிவந்தார்.

3

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. ரயில் நிலையத்தில் வழக்கமான சோதனை. இரண்டாம் நடைமேடையில் எடை பார்க்கும் பழைய இயந்திரம் ஒன்று நிற்கிறது. மேடம் அதன் பக்கத்தில் வந்தாள், உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் கை மேலே போனது.

போன பிறகுதான் கவனித்தார். நிஜமாகவே ஏதாவது கிடைத்தால், மேடம் முதல் பெஞ்சுப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்காருவாள். மூக்கு பொருளை நோக்கி இருக்கும். அன்றைக்கு ஒரு பின்னங்காலை நீட்டி, சரிந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கு தேநீர்க் கடைப் பக்கம் இருந்தது.

கையை இறக்கியிருக்கலாம். இறக்கினால் ஏன் என்று கேட்பார்கள். மாப்பிள்ளை இறக்கவில்லை.

ஒரு கை உயர்ந்தால் என்னென்ன நடக்க வேண்டும் என்பதற்குத் துறையில் இருபத்திரண்டு பக்கக் கையேடு உண்டு. அதன்படி எல்லோரும் வந்தார்கள். வெடிகுண்டுப் பிரிவு தன் வண்டியை வாசலிலேயே நிறுத்தியது. அது வண்டி நிறுத்தக் கூடாத இடம். போக்குவரத்துப் பிரிவின் இழுவை வண்டி வந்து, கடமை தவறாமல் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போனது. குண்டு தாங்கும் உடுப்பு அதற்குள் இருந்தது. கூட்டத்தை விலக்க வந்த இரண்டு குதிரைகள் நடைமேடையில் இருந்த தொட்டிச் செடிகளைத் தின்று தீர்த்தன. ஆறு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் நதிக்காவல் பிரிவும் வர வேண்டுமாம். அவர்கள் மிதவைச் சட்டையோடு வந்து வியர்வையில் மிதந்தார்கள். உளவுப் பிரிவினர் நான்கு பேர் பொதுமக்களைப் போல உடுத்திக்கொண்டு, ஒரே செய்தித்தாளை நான்கு பேருமாகப் படித்தார்கள். எதுவும் நடக்கவில்லை என்றும், நடந்தது கட்டுப்பாட்டில் இருக்கிறது என்றும் மக்கள் தொடர்புப் பிரிவு அறிக்கை விட்டது.

(குதிரைகள் செடி தின்றது மட்டும் என் கைச்சரக்கு. மற்றதெல்லாம் மாப்பிள்ளை சொன்னது. ஒன்றைக்கூடச் சேர்க்காவிட்டால் நான் எதற்கு?)

பேச்சுவார்த்தைப் பிரிவின் நிபுணருக்குத்தான் பாவம், பேசுவதற்கு ஆள் இல்லை. பால் கொதிக்கிறது, விட்டுவிட்டு வர முடியாது என்று தேநீர்க் கடைக்காரர் ஒருவர் அடம்பிடித்துக்கொண்டிருந்தார். நிபுணர் அவரைப் பிடித்துக்கொண்டார். ஒலிபெருக்கியில் நாற்பது நிமிடம், குழந்தைப் பருவத்திலிருந்து விசாரித்துப் பேசினார். கடைசியில் கடைக்காரர் பாலை இறக்கிவைத்துவிட்டு வெளியே வந்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

பிறகு ரோபோவை அனுப்பினார்கள். அது நேராகப் போய் எடை இயந்திரத்தின் மேல் ஏறி நின்றது. எண்பத்து நான்கு கிலோ.

4

இந்த இடத்தில் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு நல்ல மனிதர், ஊர் ரயிலையெல்லாம் இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பாரா? நாவலில் எழுதியிருந்தால் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். மாப்பிள்ளையிடமே கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சொல்லிடலாம்னுதான் வாயத் தொறந்தேன் மச்சான். அவ என்னைப் பாத்தா. மூடிட்டேன்."

சரி, நம்புகிறேன். முடிவுகளைப் பார்ப்போம்.

முடிவு அ: இயந்திரத்துக்குள் நிஜமாகவே வெடிமருந்து. மேடத்துக்குப் பதக்கம். ஆணையர் அவளுடைய முன்னங்காலைப் பிடித்துக் குலுக்குகிறார். எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. மறுநாள் படித்தபோது கூச்சமாக இருந்தது.

முடிவு ஆ: மாப்பிள்ளை உண்மையைச் சொல்கிறார். ஆணையர் மனம் இளகி, விதியைத் தளர்த்துகிறார். வரைபடத்தை எடுத்து மறுபடி தேடிப் பார்த்தேன். மனம் இளகுவதற்கென்று அங்கே பிரிவு எதுவும் இல்லை.

முடிவு இ: மேடம் தன் கதையைத் தானே... (வேண்டாம்.)

நடந்தது இதுதான். இயந்திரத்தைக் கழற்றினார்கள். உள்ளே ஒரு கரப்பான்பூச்சியும் இரண்டு திருகாணியும் இருந்தன. எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

5

இனிமேல் மறைத்துப் பயனில்லை. இந்தக் கதை என் பேராசையிலிருந்து வந்ததாகச் சொன்னேன் அல்லவா? நாவல் ஆசை உண்மைதான், அது போன வருஷமே செத்துவிட்டது. இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது.

காரணமில்லாமல் நாய் உட்கார்ந்துவிட்டால் அதற்குத் துறையில் ஒரு படிவம் உண்டு. 'நாய் அமர்ந்ததற்கான காரணம்' என்று அச்சடித்து, கீழே மூன்று வரி விட்டிருப்பார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குள் கொடுக்க வேண்டும். புதன்கிழமை எட்டு மணிக்குத் தங்கை தொலைபேசியில் கூப்பிட்டு, உடனே வரச் சொன்னாள். போனால், மாப்பிள்ளை படிவத்தை என் கையில் திணித்தார். நான் எழுத்தாளன், எனக்கு இதெல்லாம் கைவந்த கலை என்றார். என் வாழ்க்கையில் எழுதச் சொல்லி இத்தனை அவசரமாக யாரும் கேட்டதில்லை.

வழியும் அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார். நடைமேடை கழுவும் திரவம் ஒன்றின் வாசனை நாய்களைச் சில சமயம் ஏமாற்றிவிடும். அப்படி எழுதினால் நாய்மேல் குற்றமில்லை. மேடம் பணியில் நீடிப்பாள், இரண்டு வருஷம் கழித்து வீட்டோடேயே இருந்துவிடுவாள்.

எழுத ஆரம்பித்தேன். "மேற்படி நடைமேடையில் பயன்படுத்தப்பட்ட திரவத்தின் வாசனை காரணமாக..." நல்ல வாக்கியம், நூறு அலுவலகம் தாண்டிப் போகக்கூடிய வாக்கியம். மேடம் கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள். உட்காரப் போனாள், முடியவில்லை, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். தங்கை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வருஷம் அவ நடக்கணுங்க," என்றாள் புருஷனிடம். "நீங்க இல்ல."

அனுப்பிவிட்டால் அந்தப் பராமரிப்பு நிலையத்தில் அவளை மேடம் என்று யார் கூப்பிடுவார்கள் என்று மாப்பிள்ளை கேட்டார். எழுதிய வாக்கியத்தை அடித்தேன். அடித்தல் திருத்தல் இருந்தால் படிவம் செல்லாது என்று அவர் வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். நான்கு கொண்டுவந்திருந்தார். எழுத்தாளர்களைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

"இடுப்பு வலி" என்று எழுதினேன். மூன்று வரியில் இரண்டரை வரி மீதியாக இருந்தது. அதையும் அவர் வாங்கி, வெகுநேரம் பார்த்துவிட்டு, ஓரமாக வைத்தார். மூன்றாவது படிவத்தில் "அவளுக்கு உட்கார வேண்டும் போல இருந்தது" என்று எழுதினேன். தங்கை சிரித்துவிட்டாள், அவர் சிரிக்கவில்லை. நான்காவதை அவரே எடுத்துக்கொண்டார், பேனாவைக் கேட்டார்.

6

என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. எழுத்தாளன் எட்டிப் பார்க்க மாட்டானா என்று நீங்கள் கேட்பீர்கள். சரி, பார்த்தேன். சொல்ல மாட்டேன்.

ஒன்பதே கால் மணிக்குப் படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மேடத்துக்கு வாரைப் பூட்டினார். பிறகு குனிந்து, முப்பத்தைந்து கிலோவையும் இரண்டு கைகளில் தூக்கிக்கொண்டு முன்படிக்கட்டில் இறங்கினார்.

பணிக்குக் கிளம்புகிற நேரம். எல்லாத் தளத்திலும் கதவுகள் திறந்திருந்தன. வெடிகுண்டுப் பிரிவுக்காரர் சுவரோடு ஒட்டி வழிவிட்டார். நதிக்காவலர் படியில் கிடந்த தன் செருப்பைக் காலால் ஒதுக்கினார். பேச்சுவார்த்தைப் பிரிவு நிபுணர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பேசாமல் இருந்துவிட்டார். உளவுப் பிரிவுக்காரர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். மேடம் யாரையும் பார்க்கவில்லை. அரசு வாகனத்தில் போகிற அதிகாரி மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு போனாள்.

நானும் தங்கையும் மேலே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தங்கை அழுதாள். நானும்தான்.

அந்த மூன்று வரிகளை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பராமரிப்பு நிலையத்துக்குப் போனாளா, வீட்டுக்குத் திரும்பினாளா என்பதும் உங்கள் பாடு. நான் பார்த்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். முதல் மாடி வளைவில் அவருக்கு மூச்சு வாங்கியது, ஒரு நிமிடம் நின்றார். அவளைக் கீழே விடவில்லை.