ஏறி உட்காரும் நாற்காலி

மேரு சாலையோர மரச்சாமான் கடையில் தாரா அதே ஸ்டூலில் மறுபடியும் உட்கார்ந்து எழுந்தபோது பிரவினுக்குப் பொறுமை போய்விட்டது.

"அதான் பாத்தாச்சே. நம்ம கவுண்டருக்கு இது சரி வராது லா."

தாரா இன்னொரு தடவை உட்கார்ந்தாள். இரண்டு கைப்பிடிகளையும் அழுத்தி எழுந்தாள். மறுபடி மெதுவாக உட்கார்ந்தாள். முதுகைச் சாய்த்துப் பார்த்தாள். நான்கு மரக்கால்களும் அசைகின்றனவா என்று ஆட்டிப் பார்த்தாள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் அவர்கள் வாங்கிய அடுக்குமாடி வீடு சின்னது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் பழைய வீட்டுக்காரர் கருங்கல் பதித்து ஒரு கவுண்டர் கட்டியிருந்தார். மது விடுதிகளில் இருப்பதைப் போல நெஞ்சளவு உயரம். சாப்பாட்டு மேசை போட வேறு இடமில்லை. அதுவரை தட்டுமுட்டுச் சாமானோடு கூடிய வாடகை அறையில் இருந்தவர்கள் என்பதால் சொந்தமாக ஒரு நாற்காலிகூடக் கிடையாது. சோபா வர இன்னும் சில வாரமாகும். மெத்தை தரையில் கிடந்தது. குடிவந்ததிலிருந்து கவுண்டரில் தட்டை வைத்து நின்றுகொண்டேதான் சாப்பிட்டார்கள்.

கடையில் வேலை செய்த சந்திரகலா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அக்கா, நீங்க பாக்குறது சாதாரணக் கிச்சன் கவுண்டருக்கு உள்ளது. உங்களது உயரம். கவுண்டருக்கும் சீட்டுக்கும் நடுவுல ஒரு அடி இடைவெளி இருந்தா போதும், கைக்கு வசதியா இருக்கும். இதுல உக்காந்தா கவுண்டர் ரொம்ப மேல போயிரும்."

"பரவால்ல. கால் தரையில படுதுல்ல."

"கால் தரையில படும், தாடை கவுண்டர்ல படும்" என்றான் பிரவின்.

சந்திரகலா சிரித்தாள். மற்ற இருவரும் சிரிக்காததைக் கண்டதும், "பேசிட்டு இருங்க, வரேன்" என்று அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டாள்.

பிரவின் குரலைத் தாழ்த்தினான். "யாருக்கு தாரா இது? சுத்துற சீட்டு வேணாங்குற, கைப்பிடி இருக்கணுங்குற, ஏறி உக்காரக் கூடாதுங்குற. உனக்கு இல்ல, எனக்கும் இல்ல. யார் வர்றா?"

அவள் ஸ்டூலின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா வர்றார். ஞாயித்துக்கிழமை."

பிரவின் அவள் பக்கம் முழுதாகத் திரும்பினான்.

தாராவின் அப்பா சிவசம்பு இலங்கைத் தமிழர், அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு பெட்டாலிங் ஜெயாவில் தனியாக இருந்தார். நான்கு வருடத்துக்கு முன் பிரவினின் பெற்றோர் தட்டோடு அந்த வீட்டுக்குப் பெண் கேட்டுப் போனார்கள். சிவசம்பு வாசலுக்கு வந்தார். கார் நிற்கும் இடத்திலேயே நிறுத்திப் பேசினார். கேள்வி மேல் கேள்வி கேட்டார். லோரி ஓட்டி எத்தனை பிள்ளைகளைப் படிக்க வைத்தீர்கள் என்றுகூடக் கேட்டார். கடைசிவரை உள்ளே வாருங்கள் என்றோ உட்காருங்கள் என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. முட்டி வலிக்காரியான பிரவினின் அம்மா இராஜம்மா கார் பானெட்டில் கைவைத்து நின்றாள். தட்டு பிரவினின் அப்பா விஜயன் கையிலேயே இருந்தது. கடைசியில் பிரவினும் தாராவும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். சிவசம்பு வரவில்லை. விஜயன் இறந்தபோதும் வரவில்லை.

"எப்ப பேசினாரு?"

"போன வாரம். விழுந்து இடுப்புல ஆபரேசன் ஆச்சாம். எனக்கே தெரியாது. 'வீட்டைப் பார்க்க வரட்டோ'ன்னு கேட்டார். நான் வேணாம்னா சொல்ல முடியும்? பிசியோகாரங்க பள்ளமான சீட்டுல உக்காரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களாம். முட்டியவிட உயரமா, புடிச்சு எழுந்திரிக்கக் கைப்பிடியோட இருக்கணுமாம். அதான்..."

"ஒரு வாரமா என்கிட்ட மறைச்சிருக்க."

"சொன்னா நீ இப்படித்தான் நிப்பன்னு தெரியும்."

"எங்கம்மாவுக்கு ஒரு நாக்காலி போடாத மனுசனுக்கு நான் நாக்காலி பாத்து வாங்கணுமா?"

குரல் உயர்ந்துவிட்டது. மெத்தை பார்த்துக்கொண்டிருந்த ஒரு மலாய்க் குடும்பம் திரும்பிப் பார்த்தது. தாராவின் கண் சிவந்தது. ஆனால் அழவில்லை.

"எனக்கு அவர் அப்பா, பிரவின்."

அவன் அவளைக் கடந்து சந்திரகலாவிடம் போனான். முதுகுச் சாய்மானமில்லாத, சுழலும் இருக்கையும் பளபளக்கும் ஒற்றைக் காலும் கொண்ட உயரமான பார் ஸ்டூலைக் காட்டினான். "இதுல நாலு."

சந்திரகலா தாராவைப் பார்த்தாள். "அக்கா?"

"அவர் சொல்றதையே போடுங்க" என்றாள் தாரா.

வீடு திரும்பும் வழியில், ஃபெடரல் நெடுஞ்சாலையில் வாகனங்கள் நகராமல் நின்ற இடத்தில் பிரவின் அம்மாவுக்குப் போன் செய்தான். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்கம்மா. சும்மாதான். எல்லாரும் சேந்து சாப்பிடலாம்." வேறு யார் வருகிறார்கள் என்று சொல்லவில்லை. தாரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிறு காலை இராஜம்மா போர்ட் கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்தாள். பையில் நண்டு. வந்ததும் சேலையைச் செருகிக்கொண்டு சமையலில் இறங்கிவிட்டாள். வேலைக்கு நடுவே கவுண்டருக்கு முன்னால் வரிசையாக நின்ற ஸ்டூல்களைப் பார்த்தாள்.

"என்ன தம்பி இது, லோரி சீட்டு கணக்கா உயரமா இருக்கு? இதுல நான் எப்படி ஏறுறது?"

பிரவினுக்கு அப்போதுதான் உறைத்தது. கடையில் நின்றபோது அம்மாவின் அவமானம்தான் நினைவில் இருந்தது. அம்மாவின் முட்டி நினைவில் இல்லை.

தாரா அடுப்பைத் தணித்தாள். இனியும் மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. "அத்தை, இன்னைக்கு எங்கப்பா வர்றார்."

இராஜம்மாவின் கை கரண்டியோடு நின்றது. மகனைத் திரும்பிப் பார்த்தாள். "நீ சொல்லலியே."

"சொன்னா வந்திருப்பீங்களா?"

"வந்திருக்க மாட்டேன்."

கரண்டியை வைத்தாள். கையைக் கழுவினாள். கவுண்டரில் இருந்த தன் பையை எடுத்தாள். "நண்டு இன்னும் கொஞ்சம் சுண்டணும். பாத்துக்கம்மா" என்று தாராவிடம் சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தாள். செருப்பை மாட்டும்போது மணி அடித்தது.

கதவைத் திறந்தது அவள்தான்.

வெளியே சிவசம்பு நின்றார். வெள்ளைச் சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது. ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் திராட்சைப் பை. இராஜம்மாவைக் கண்டதும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அவள் வழிவிட்டு ஒதுங்கினாள். அவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதால் அவளுக்கு வெளியே போக வழியில்லை. அவர் உள்ளே வர, அவள் பின்வாங்க, இரண்டு பேரும் வெறும் கூடத்தில் எதிரெதிரே நின்றார்கள்.

"வாங்கப்பா" என்று தாரா ஓடி வந்து பையை வாங்கினாள். "சோபா இன்னும் வரல..."

"உக்காருங்க அங்கிள்."

பிரவின் ஸ்டூலைக் காட்டினான். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. இந்த வார்த்தையை அவன் வாரம் முழுதும் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தான். சிவசம்பு ஸ்டூலைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று பிரவினுக்கும் தெரிந்தது.

"வேண்டாம்பா, நீங்க நில்லுங்க, நான் யார்கிட்டயாச்சும் நாக்காலி கேட்டு..." என்றாள் தாரா.

"பரவாயில்லை பிள்ளை. தம்பி இருக்கச் சொல்லுறார்."

ஊன்றுகோலை அவளிடம் கொடுத்தார். கவுண்டர் விளிம்பை ஒரு கையால் பிடித்தார். கால் வைக்கும் வளையத்தில் நல்ல காலை வைத்து எம்பினார். பாதி உடம்பு ஏறியது. இருக்கை சுழன்றது. கல்லில் இருந்த கை வழுக்கியது.

தாரா அலறினாள். ஸ்டூல் தரையில் மோதிய சத்தத்தில் கூடமே அதிர்ந்தது. பிரவின் எப்படிப் பாய்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. சிவசம்புவின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தாங்கியிருந்தான். கனமே இல்லை. சட்டைக்குள் நெஞ்சு படபடவென்று அடிப்பது அவன் கைக்குத் தெரிந்தது. அவரது கால்கள் தரையைத் தேடித் தேடி ஊன்றின.

"விட வேண்டாம் தம்பி" என்றார் மெல்ல. "கொஞ்சம் பிடிச்சுக்கொண்டிரும்."

அவர் நிலையாக நின்ற பிறகும் பிரவின் கையை எடுக்கவில்லை. அந்த மனிதர் நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை நாள் ஆசைப்பட்டிருக்கிறான். இப்போது பார்க்க முடியவில்லை.

இராஜம்மா மகன் பக்கத்தில் வந்தாள். செருப்பு இன்னும் காலில் இருந்தது. "இதுக்குத்தான் என்னையும் வரச் சொன்னியா?"

"அம்மா, அன்னிக்கு உங்களை..."

"எனக்காகச் செஞ்சேன்னு சொல்லாத. நான் கேக்கல."

அவன் வெளியே போனான். பக்கத்து வீட்டு சபாபதியின் கதவைத் தட்டினான். அவரிடம் கொடுக்கக்கூடியதாக ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவே போட்டான்.

ஒரு நாற்காலி. இரண்டு பேர்.

"நீங்க இருங்கோ அம்மா" என்றார் சிவசம்பு.

"உங்களுக்குத்தான் ஆபரேசன் செஞ்ச கால்."

"நீங்க இருங்கோ."

இராஜம்மா அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். இராஜம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள், வந்து உட்கார்ந்தாள், பையை மடியில் வைத்துக்கொண்டாள். சிவசம்பு கவுண்டரில் சாய்ந்து நின்றார். தாராவிடமிருந்து ஊன்றுகோலை வாங்கி ஊன்றிக்கொண்டார். அடுப்பில் நண்டு கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

பிரவின் மறுபடி ஓடினான். லிப்ட் வரக் காத்திருக்காமல் படியிறங்கினான். கீழேயிருந்த வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நெரிந்தது. "பாஸ், ஒரு நாக்காலி. சாயந்தரம் கொண்டாந்து தந்துர்றேன்" என்று கெஞ்சினான். முதலாளி அவன் வியர்த்த முகத்தைப் பார்த்துவிட்டு, பின்கட்டில் இருந்த ஒரு கனமான மர நாற்காலியைக் காட்டினார். கைப்பிடி வைத்தது. அதைத் தலையில் வைத்துக்கொண்டு லிப்டில் ஏறினான்.

அவன் வரும்போது பிளாஸ்டிக் நாற்காலியில் சிவசம்பு உட்கார்ந்திருந்தார். இராஜம்மா அடுப்புக்கு முன்னால் நின்றாள். தாரா முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

என்ன நடந்தது என்று அவன் அப்போது கேட்கவில்லை. பிறகு தாராதான் சொன்னாள். அப்பா, "அண்டைக்கு உங்களை நிக்க வச்சது பிழை. உங்கட மனுசனிட்டயும் சொல்லியிருக்க வேணும், காலம் போயிட்டுது" என்றாராம். இராஜம்மா எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, நண்டைக் கிளறப் போய்விட்டாளாம்.

பெரியவர்கள் இருவரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். இராஜம்மா அவருக்கு நண்டுக்காலை உடைத்துப் போட்டாள், முகத்தைப் பார்க்காமல். பிரவினும் தாராவும் கவுண்டரில் நின்று சாப்பிட்டார்கள். ஸ்டூலில் யாரும் உட்காரவில்லை.

மறுநாள் தாரா கடைக்குப் போன் செய்தாள். விழுந்ததில் ஒரு ஸ்டூலின் விளிம்பு நசுங்கிவிட்டது, அதைத் திருப்பி எடுக்க முடியாது என்றாள் சந்திரகலா. இரண்டை மாற்றிக்கொள்ள ஒத்துக்கொண்டாள். பிரவின் தனியாகப் போய் அவற்றைக் கொடுத்துவிட்டு, தாரா பார்த்த அந்தக் கைப்பிடி வைத்த குட்டை ஸ்டூல்களை எடுத்து வந்தான். கடையிலேயே பலமுறை உட்கார்ந்து எழுந்து பார்த்துத்தான் எடுத்தான். கவுண்டருக்கு அவை ஒத்துவரவில்லை. ஜன்னலோரம் போட்டார்கள்.

சிவசம்பு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். இராஜம்மா வரும் நாளென்றால் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு வேறு நாளில் வருவார். அவளும் அப்படித்தான். இரண்டு முறை தவறிப்போய் ஒரே நாளில் வந்தார்கள். ஜன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கீழே ரயில் போவதைப் பார்த்தபடி மருந்து மாத்திரைகளைப் பற்றிப் பேசினார்கள்.

பிரவினும் தாராவும் இரவில் அந்த உயரமான ஸ்டூல்களில்தான் சாப்பிடுகிறார்கள். ஒருநாள் தாரா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"அன்னைக்கு அப்பா விழுந்திருந்தா?"

"புடிச்சேன்ல."

"புடிச்ச. நீ புடிக்கலன்னா அவர் மறுபடி நடந்திருக்க மாட்டார். அது எனக்குத் தெரியும்." தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "ஆனா அதுக்கு முன்னாடி 'உக்காருங்க அங்கிள்'னு சொன்ன பாரு, அந்தக் குரல் எனக்கு இன்னும் கேக்குது."

பிரவின் கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தான்.

"எனக்கும்தான்" என்றான் கடைசியில்.

அவள் தலையசைத்தாள். குழம்புப் பாத்திரத்தை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.