கால் படாத உதை

சேர்மன் கிருஷ்ணசாமியின் முதுகைப் பற்றி உத்திரமேரூரில் முதன்முதலில் பேச ஆரம்பித்தவர் சேர்மன் கிருஷ்ணசாமிதான். "எங்க வம்சத்துல எவனும் எவன்கிட்டயும் முதுகு வளைஞ்சி நின்னது கெடையாது" என்று அவர் சொல்லாத மேடை இல்லை. மாட்டாஸ்பத்திரித் திறப்பு விழாவில் சொன்னார். ஏழைகளுக்குக் கோழிக்குஞ்சு வழங்கும் விழாவிலும் சொன்னார். ஏழைகள் கை தட்டினார்கள். கோழிக்குஞ்சுகள் அபிப்பிராயம் எதுவும் தெரிவிக்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல முதுகுதான். பஞ்சாயத்து யூனியன் என்று ஒன்று வருவதற்கு முன்னால், கிருஷ்ணசாமி விடிந்ததும் ஏரிக்கரை மேல் நடந்துபோய் மதகைப் பார்ப்பார். மண்வெட்டி பிடித்துத் தன் கழனிக்கு மடை திருப்புவார். வரப்பில் குந்தி எழுவார். கிணற்றில் தானே இறைத்துக் குளிப்பார். அப்போதெல்லாம் முதுகுக்கு வேலை இருந்தது. அதைப் பற்றிப் பேச அவருக்கு நேரமில்லை. யூனியன் வந்தது, சேர்மன் பதவி வந்தது. வீட்டில் ஒரு சாய்வு நாற்காலி, ஆபீசில் ஒரு சுழல் நாற்காலி, இரண்டுக்கும் நடுவே ஒரு ஜீப் என்று வரிசையாக வந்து சேர்ந்தன. வீட்டிலிருந்து ஆபீசுக்கு, கிழட்டு எருமைகூட வாயில் போட்ட வைக்கோலை மென்று முடிப்பதற்குள் போய்விடும். சேர்மன் ஜீப்பில் போனார். துண்டு கீழே விழுந்தால் எடுத்துத் தர ஒரு பியூன் இருந்தான்.

வைகாசி பிறந்த வாரத்தில் ஒரு நாள் காலை, பியூன் இன்னும் வராத நேரம், கட்டிலுக்கு அடியில் போய்விட்ட செருப்பை எடுக்க சேர்மன் குனிந்தார். அவ்வளவுதான். வளையாத வம்சம் வளைந்தது, வளைந்தபடியே நின்றுவிட்டது.

"சுலோச்சனா!"

மனைவி அடுப்படியிலிருந்து வந்து பார்த்தார். "இன்னாங்க தேடறீங்க?"

"ஒண்ணும் தேடல. நிமிர முடியலடி."

முதுகு பிடித்துக்கொள்வது எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் கிருஷ்ணசாமிக்கு அது வந்த வேளைதான் பொல்லாத வேளை. அந்த மாதத்தில்தான் பெருமாள் கோயில் கருட சேவை. கருட வாகனத்தின் முன் வலது தண்டு கிருஷ்ணசாமி வீட்டுக்கு உரியது. அந்தத் தண்டைத் தாங்குகிறவர் 'நில்லு' என்றால் பெருமாள் நிற்பார்; 'ஏளு' என்றால் புறப்படுவார். சேர்மன் பதவி ஐந்து வருஷத்துக்கு ஓட்டுப் போட்டுக் கொடுத்தது. தண்டு, தாத்தாவுக்குத் தாத்தா கொடுத்தது. ஒரு வருஷம் அந்த வீட்டுத் தோள் வராமல் போனால் தண்டு பங்காளி வீட்டுக்குப் போய்விடும். போனது திரும்பாது என்பது வழக்கம்.

பங்காளி வேதகிரி தினமும் நலம் விசாரிக்க வந்தார்.

"இன்னாண்ணே, அப்பிடியேதான் கீதா? பேஜாருதான். நீ ஒண்ணும் கவலைப்படாத. பெருமாள நான் பாத்துக்கிறேன்."

"பெருமாள நீ பாக்க வாணாம்டா. அவரு ஒன்னப் பாத்துக்கினுதான் கீறாரு."

வேதகிரி போனதும் சுலோச்சனா சொன்னார்: "வந்தவரு ஒங்க முதுகப் பாக்கல. தோள அளந்துக்கினு போறாரு."

அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் வந்தார். தட்டிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். "எலும்புல ஒரு கோளாறும் இல்லீங்க. அசைக்காம வெச்சிருந்து இறுகிப் போயிருக்கு. நாற்காலிய விட்டு எழுந்து நடங்க, சரியாயிடும்" என்றார்.

"மருந்து?"

"நடைதாங்க மருந்து."

சேர்மனுக்கு அவமானமாகப் போயிற்று. ஒரு சேர்மனின் வியாதிக்கு, கன்றுக்குட்டிகூடச் செய்கிற காரியத்தையா எழுதிக் கொடுப்பது? டாக்டரை அனுப்பிவிட்டுச் சாய்வு நாற்காலியிலேயே கிடந்தார். கூரத்திலிருந்து ஒரு தைலம் வந்தது. தாமலிலிருந்து அதைவிட நாற்றம் பிடித்த ஒரு தைலம் வந்தது. வீட்டுப் பூனை வேறு வீடு பார்த்துக்கொண்டு போனது. முதுகுப் பிடிப்பு மட்டும் போகவில்லை.

"பச்சமுத்து கீறான் இல்ல?" என்றார் சுலோச்சனா.

பச்சமுத்து அவர்கள் கழனியில் கூலிக்கு வேலை செய்பவர். தாயின் வயிற்றிலிருந்து தலைக்கு முன்னால் கால் வந்து பிறந்தவர். அப்படிக் காலால் பிறந்தவர் உதைத்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். பச்சமுத்துவின் உதைக்கோ ஏரி தாண்டியும் பேர் இருந்தது. செங்கல்பட்டு பஸ் டிரைவர் ஒருவர், ஜனங்களைப் பஸ்ஸிலேயே உட்கார வைத்துவிட்டு இறங்கிப் போய் உதை வாங்கிக்கொண்டு வந்து பஸ்ஸை எடுத்திருக்கிறார். 'தாமதத்துக்குக் காரணம் என்ன' என்று ஒருவரும் கேட்கவில்லை. பாதிப் பேர் அதே உதையை ஏற்கெனவே வாங்கியவர்கள்.

சேர்மன் முகத்தைச் சுளித்தார். "அவன் காலு என் முதுகுல படறதா?"

நியாயமான கேள்விதான். அந்தக் கால் மிதித்துக் குழைத்த சேற்றில்தான் சேர்மன் வீட்டுச் சுவர் நின்றது. அவித்த நெல்லை அந்தக் கால் துழாவிக் காயவைத்துத்தான் சேர்மன் சோறு தின்றார். ஆனால் சுவரும் சோறும் வேறு, முதுகு வேறு.

அதனால் சேர்மன் யோசித்தார். யூனியனுக்கே யோசனை சொல்லும் மூளை. பச்சமுத்துவைக் கொல்லைப்புறத்துக்கு வரச் சொன்னார். பச்சமுத்து வந்து பார்த்தபோது, சேர்மன் பாயில் குப்புறப் படுத்திருந்தார். முதுகின் மேல் பட்டு அங்கவஸ்திரம். அதன் மேல், கல்யாணத்தில் மாப்பிள்ளை உட்காரும் பலா மணைப்பலகை.

"இன்னா ஆண்டே இது? சமாதி கட்டி வெச்சிக்கீது?"

"பேசாம ஒதைடா. காலு படக்கூடாது. ஒதை மட்டும் படணும்."

பச்சமுத்து பலகையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "பலகைய ஒதைச்சா பலகைக்குத்தான் கொணமாவும், ஆண்டே."

"பலகை வழியா எனக்கு வரும்டா."

"வராது. எந்தக் கணுவுல புடிச்சிக்கினு கீதுன்னு குதிகாலு தொட்டுப் பாக்கணும். தொட்டாத்தான் அதுக்குத் தெரியும். கண்ணக் கட்டிக்கினு காஞ்சிபுரத்துல பட்டுப்பொடவ வாங்கச் சொல்றீங்களே!"

"அப்ப ஒதைக்க மாட்ட?"

"ஒதைப்பேன். பலகைய எடுங்க. எல்லாருக்கும் தலதான் மொதல்ல வந்து ஒலகத்தப் பாக்கும். எனக்குக் காலு வந்து பாத்துது. அதுக்கு மூடி போட்டு வேல வாங்க வாணாம், ஆண்டே." துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு அவர் போய்விட்டார்.

சேர்மன் ஆத்திரத்தில் ஜீப் டிரைவரைக் கூப்பிட்டார். டிரைவர் தலையால் பிறந்தவர். தலையை அதற்குப் பிறகு அதிகம் உபயோகித்தவர் அல்ல. "ஒதைடா" என்றதும், கிளட்சை மிதிப்பதுபோல மிதித்தார். மணைப்பலகை இரண்டாக உடைந்தது. சேர்மன் போட்ட சத்தம் கடைத்தெரு வரைக்கும் கேட்டது. ஜீப் டயர் வெடித்ததாக வெளியில் சொன்னார்கள். ஜீப்பை எல்லோரும் நான்கு டயரோடு பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அதன் பிறகு சாய்வு நாற்காலியில்கூட அவரால் சாய முடியவில்லை. கருட சேவைக்குப் பந்தக்கால் நட்டாகிவிட்டது.

சுலோச்சனா வந்து எதிரில் நின்றார். "வேதகிரி வூட்டு வாசல்ல ஏத்த மரத்தத் தோள்ல வெச்சிக்கினு நடந்து பழகறாரு. அவரு பொஞ்சாதி தெருவெல்லாம் பலகாரம் குடுத்துக்கினு கீறா. ஒங்களுக்குத் தண்டு வேணுமா, பலகை வேணுமா? ஒண்ண சொல்லுங்க."

சேர்மன், "அவன வரச்சொல்லு. பலகை இல்ல" என்றார்.

சுலோச்சனா ஆள் அனுப்பினார். ஆள் பதிலோடு வந்தான்: பச்சமுத்து கொல்லைப்புறத்துக்கு இனி வருவதாக இல்லை. களத்துமேட்டில் போரடித்துக்கொண்டிருக்கிறார். முதுகு அங்கே வரட்டும்.

முதுகு அங்கே போனது. மனைவியின் தோளைப் பிடித்தபடி, கேள்விக்குறியைப்போல வளைந்து, களத்தில் நின்ற ஜனம் முழுதும் பார்க்க சேர்மன் வந்தார். சட்டையைக் கழற்றினார். வைக்கோல் மேல் குப்புறப் படுத்தார்.

"காலு கழுவிக்கினு வரட்டா, ஆண்டே?" என்றார் பச்சமுத்து. அதில் கேலி இருந்ததா, மரியாதை இருந்ததா என்று களத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"வாணாம். ஒதை."

பச்சமுத்துவின் குதிகால் முதுகுத்தண்டின் மேல் கணுக் கணுவாக இறங்கியது. ஓரிடத்தில் நின்றது. "இங்கதான் குந்திக்கினு கீது. மூச்ச வுடுங்க. நல்லா வுடுங்க, ஆண்டே. பதவிய மாதிரி புடிச்சிக்கினு கெடக்காதீங்க!"

களம் சிரித்தது. சேர்மனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பில் மூச்சு வெளியே போன அந்த நொடியில் உதை இறங்கியது. காய்ந்த அவரைக்காய் வெடித்ததுபோல ஒரு சத்தம்.

சேர்மன் எழுந்தார். முழுதாக இல்லை, முக்கால்வாசி நிமிர்ந்தார். ஜீப் உறுமிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றது.

"வண்டி ஆவாது" என்றார் பச்சமுத்து. "ஒதை வாங்கனவங்க திரும்பிப் பாக்காம ஏரிக்கர சுத்தி நடந்தே வூடு போவணும். திருவிளா முடியற வரைக்கும் தெனம் நடக்கணும். குந்தன எடத்துல குந்தனா வந்த எடத்துக்கே அது வந்துடும்."

சேர்மன் நடந்தார். முதல் நாள் முனகிக்கொண்டு. அப்புறம் வேதகிரியைத் திட்டிக்கொண்டு. அப்புறம் மதகில் நீர் கசிவதைப் பார்த்து, யூனியனைத் திட்டிக்கொண்டு. யூனியன் என்றால் தான்தான் என்பது பாதிவழியில்தான் நினைவு வந்தது. சாய்வு நாற்காலியைச் சுலோச்சனா நெற்குதிரின் தலையில் ஏற்றிவிட்டார். கிணற்றடியில் வாளி காத்திருந்தது. நாளுக்கு நாள் முதுகு நெகிழ்ந்தது. ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் அவரை நிறுத்தினார்.

"நானும் இதைத்தானேங்க சொன்னேன்?"

"நீங்க சொன்னீங்க. ஒதைக்கலியே!"

கருட சேவை வந்தது. தீவட்டி வெளிச்சத்தில் சேர்மன் முன் வலது தண்டுக்குப் போனார். குனியாமல் தண்டைத் தோளில் ஏற்ற முடியாது. முழங்காலை மடக்கி நன்றாகக் குனிந்தார். "ஏளு!" என்றார். தண்டும் எழுந்தது, முதுகும் எழுந்தது, கருடன் மேல் பெருமாளும் எழுந்தார். ஓரமாக மடித்த துண்டோடு தோள் தயாராக நின்ற வேதகிரி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கூட்டத்தில் அன்று சுலோச்சனா நின்ற நிமிர்வே வேறு.

தெற்குத் தெரு முனையில், தெருவுக்கு வெளியே, பச்சமுத்துவின் ஜனங்கள் நிற்பார்கள். வாகனம் அந்த முனையில் வேகமாகத் திரும்பிவிடும். அங்கே நிற்கப் பெருமாளுக்கு எந்த வருஷமும் நேரம் இருந்ததில்லை.

"நில்லு!"

வாகனம் குலுங்கி நின்றது. பின்தண்டுக்காரர்கள் கூவினார்கள்: "இன்னாப்பா, இங்க எதுக்கு?"

"முதுகு புடிச்சிக்கிச்சு" என்றார் சேர்மன், பனைமரம்போல நேராக நின்றபடி. இருந்த வலியை ஜீப் டயர் வெடித்ததாகச் சொல்லி மறைக்கப் பார்த்த மனிதர், இல்லாத வலியை ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

வேதகிரி பாய்ந்து வந்தார். "நான் புடிக்கட்டாண்ணே?"

"தள்ளி நில்லுடா. வலி எனக்கு."

பச்சமுத்துவின் மனைவி சிட்டம்மாள் முன்னால் வந்து தட்டில் கற்பூரம் ஏற்றினார். பச்சமுத்து கூட்டத்துக்கு மேலே தலையைத் தூக்கிக் கேட்டார்: "இன்னா ஆண்டே, வரட்டா?"

"வாணாம்டா. இப்ப வுட்ரும்."

"பாருடி, எப்பிடி நிக்குது!" என்றார் பச்சமுத்து மனைவியிடம், ஊருக்கே கேட்கும் குரலில். "நம்ம ஒதை!"

கற்பூரம் எரிந்து அடங்கும்வரை சேர்மனுக்கு வலி இருந்தது.