எட்டாவது எண்ணிக்கை

பேனா மறுபடியும் உருண்டது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த புஷ்பராணி எட்டி அதைப் பிடித்தாள். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் பின்தெருவில், மசாலா அரைக்கும் கடைக்கு மேலே, பழைய கடைவீட்டின் மூன்றாம் மாடியில் நடனக் கூடம். மரத்தரை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. பேனாவோ தண்ணீர்ப் புட்டியோ, கீழே வைத்த எதுவும் தெருவை வேடிக்கை பார்க்கக் கிளம்பிவிடும். மடியிலிருந்த படிவம் அவளுடைய சால்சா நடனம் எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரித்தது. முழுப் பாட்டுக்கும் எண்ணாமல் ஆட முடியுமா? இரட்டைச் சுழற்சி வருமா? முன்பின் தெரியாதவரோடு ஆடுவீர்களா? எல்லாவற்றுக்கும் 'சில நேரம்' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். நாற்பத்தொன்பது வயதில் வேறெந்தக் கேள்விக்கும் அவளிடம் அதைவிட நேர்மையான பதில் இருந்ததில்லை.

அவளிடம் சொந்தமாக ஓர் அளவுகோல் இருந்தது. அதைப் படிவம் கேட்கவில்லை. சால்சாவில் எட்டு எண்ணிக்கை. நான்கிலும் எட்டிலும் கால் நிற்கும். அந்த நொடியில்தான் அவளுடைய 'ஸாரி' வந்து உட்காரும். தன் கால் பிசகினாலும் ஸாரி, எதிராளி அவள் காலை மிதித்தாலும் ஸாரி. முதல் வருடம் ஒரே பாட்டில் பதினொன்று எண்ணியிருக்கிறாள். பாலிகிளினிக்கின் பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்து, டாக்டர் வர நேரமாவதற்கும் கணினி நின்றுபோவதற்கும் நாள் முழுக்க மன்னிப்புக் கேட்கிறவளுக்கு வாய் பழகிப்போயிருந்தது. இரண்டு வருடத்தில் பதினொன்று ஐந்தாகி, ஐந்து இரண்டாகியிருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

இன்று வந்ததிலிருந்து யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஞாயிறு மாலை ஐந்து மணி ஆட்டத்துக்குக் கூட்டம் அதிகமாகிவிட்டதாம். இனிமேல் தேர்வில் தேறி மணிக்கட்டில் பச்சைப் பட்டை கட்டியவர்களுக்கு மட்டும்தானாம். மஞ்சள் பட்டைக்காரர்கள் வகுப்பு முடிந்ததும் வீட்டுக்குப் போக வேண்டும். புஷ்பராணிக்கு வீடு என்பது தோ பாயோவில் ஒற்றை ஆளுக்கான ஃபிளாட். வாரத்தில் ஆறு நாள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கிறவளின் கையை வேறொருவர் பிடிக்கிற இரண்டு மணி நேரம் இது மட்டுமே. அதை ஒரு காகிதப் பட்டை முடிவு செய்யப்போகிறது.

"புஷ்பாக்கா, வாங்க," என்று கூப்பிட்டான் சேவியர். ஆசிரியன், முப்பது வயதிருக்கும். ஒவ்வொருவரோடும் ஒரு பாட்டு ஆடிப் பார்த்து அவனே பட்டை கட்டினான்.

முதல் பாதி நன்றாகவே போயிற்று. வழிநடத்துவது அவன், தொடர்வது அவள்; அவன் விரல் லேசாக அழுத்தினால் விலகினாள், விட்டால் திரும்பி வந்தாள். பிறகு ஒரு சுழற்சிக்காக அவன் கையைத் தூக்கினான். மூன்றுக்குள் மேலே போயிருக்க வேண்டிய கை ஐந்தில்தான் போனது. அவள் சுழலவில்லை, நின்ற இடத்திலேயே அடிப்படை அடியைப் போட்டுக்கொண்டிருந்தாள். எட்டு வந்தது. ஸாரி நாக்கு நுனிவரை வந்து நின்றது. சேவியரும் அதற்காகக் காத்திருப்பவன்போல அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அதை விழுங்கினாள்.

"மிஸ் பண்ணிட்டீங்க."

"இல்ல. கை லேட்டா வந்துச்சு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சேவியரும் சிரித்தான். "லீட் எப்படி வந்தாலும் ஃபாலோவர்தான் அட்ஜஸ்ட் பண்ணணும்க்கா. நெக்ஸ்ட் டைம் பாக்கலாம்." மஞ்சள் பட்டை மணிக்கட்டைச் சுற்றி ஒட்டிக்கொண்டது.

ஓரத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது காது சுட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவ்வளவு பேர் முன்னால் அதைத்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறாளா? ஜோடி ஆட்டத்தின் சங்கடமே இதுதான். பிசகியது தன் காலா அவன் கையா என்று யாரிடம் போய்க் கேட்பது? தனியாக ஆடினால் கண்ணாடி சொல்லும். இங்கே கண்ணாடியே எதிரில் நின்று ஆடுகிறது.

பச்சைப் பட்டையோடு நிரஞ்சனா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள், அவளுக்கு இருபத்தாறு.

"விடுங்க லா அக்கா. வாங்க, கீழ போய் டீ குடிக்கலாம்."

"உண்மையச் சொல்லு. அவன் கை லேட்டா, இல்லயா?"

நிரஞ்சனா சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எப்பவும் லேட்டுதான். எல்லாருக்கும் தெரியும்."

"அப்புறம் நீ எப்படிச் சுத்துற?"

"கெஸ் பண்ணித்தான். அவரு தூக்கறதுக்கு முன்னாடியே நானே சுத்திருவேன். இடிச்சா ஸாரி சொல்லிருவேன். முடிஞ்சுது. நீங்களும் அப்படியே செஞ்சிருக்கலாம்ல? என்னக்கா நீங்க, எக்ஸாம்ல போய் இன்ஸ்பெக்டரையே ஃபெயில் பண்றீங்க!"

புஷ்பராணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது காதின் சூடு இறங்கியிருந்தது. பேனா உருண்டு உருண்டு சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் இந்தப் பெண்ணும் சொல்கிறாள். கூடம் கோணல்தான். கோணலுக்கு ஏற்பச் சாய்ந்து நிற்கப் பழகியவர்களுக்குப் பச்சை கிடைத்திருக்கிறது.

ஐந்து மணிக்கு மஞ்சள் பட்டைக்காரர்கள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். நிரஞ்சனா அவளுடைய பையை எடுத்து நீட்டினாள். புஷ்பராணி வாங்கவில்லை. காலணியின் வாரை இன்னொரு துளை இறுக்கிப் போட்டுக்கொண்டு எழுந்தாள். இரண்டு வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து, யாராவது வந்து கை நீட்டுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தவள், கூடத்தின் நடுவுக்கு நடந்துபோய் சேவியருக்கு எதிரே நின்றாள்.

"அக்கா, மஞ்சள் வந்து..."

"தெரியும். எனக்குக் கலர் தெரியும் லா."

"இன்னொரு தடவ ஆடினாலும் பட்டை மாறாதுக்கா."

"பட்டைய யாரு கேட்டா? நீங்க கைய நேரத்துக்குத் தூக்குறீங்களான்னு நான் பாக்கணும்." வலது கையை நீட்டினாள். "ஆடலாமா?"

ஒலிபெருக்கியில் பாட்டு தொடங்கிவிட்டது. சேவியர் அவள் கையைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், மறுபடி கையைப் பார்த்தான். அவள் காத்திருக்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, கால்கள் மட்டும் தொடங்கின. ஒன்று, இரண்டு, மூன்று. மணிக்கட்டில் தளர்ந்த பட்டை முன்னும் பின்னும் சறுக்கியது. ஐந்து, ஆறு, ஏழு. யாருடைய மடியிலிருந்தோ நழுவிய ஒரு பேனா சரிவில் உருண்டு கூடத்தைக் கடந்து நேராக அவள் காலை நோக்கி வந்தது. எட்டில் கால் நிற்க வேண்டும். குதிகாலை மட்டும் உயர்த்தி அதற்கு வழி விட்டாள். பேனா அடியில் புகுந்து ஜன்னலை நோக்கிப் போனது. கை இறங்கவில்லை, ஸாரியும் வரவில்லை. அடுத்த ஒன்றில் குதிகால் தரையைத் தொட்டது.