மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள

மெசேஜ் வந்த நாள்லேர்ந்து துரைராசுவுக்குச் சோறு எறங்கல. வருமான வரிக்காரங்க அனுப்புன மெசேஜ். மூணு வருஷத்துக்கு முன்னாடி, அவரு ரிட்டயர் ஆன வருஷத்துல, அவரு கணக்குல பெரிய தொகை வந்து போயிருக்கு, விவரத்தச் சரிபாக்கவும்னு ரெண்டே வரி. மக மதிவதனிதான் படிச்சுச் சொன்னா.

"இதுல பயப்பட ஒண்ணுமில்லப்பா. நீடாமங்கலத்துல ஆடிட்டர் ஆபீஸ் இருக்கு. போயி கேட்டுட்டு வந்துடலாம்."

"பாப்போம், பாப்போம்"னே பதினெட்டு நாள் ஓட்டிட்டாரு. அது எதுக்கு வந்த மெசேஜுன்னு அவருக்குத் தெரியும். மாட்டிக்கிட்டோம்னு நெனச்சாரு. அபராதம் போடுவான், போடட்டும். ஆனா அந்தப் பேச்சு மக காதுல விழக் கூடாது. அதுதான் அவரு கவல.

துரைராசு பொதுப்பணித்துறையில லஸ்கரா இருந்தவரு. ஆத்துத் தலைப்புல ஷட்டரத் தூக்கி எறக்கி, எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு தண்ணின்னு பாத்து விடுற வேல. முப்பத்தோரு வருஷம். தண்ணி எத்தன அடி நிக்குதுன்னு அளவுக்கல்ல ரெண்டு தடவ பாக்காம ஒரு நாளும் ஷட்டர்ல கை வச்சதில்ல. நாத்து காயுதுன்னு கரையில நின்னு பத்து பேரு கத்துனாலும் "இருங்கய்யா, பாத்துக்கிட்டுதான இருக்கேன்"ம்பாரு. ஊர்ல அவருக்குப் பேரே இருங்கய்யாதான். "இருங்கய்யா வர்றாரு, இன்னைக்குத் தண்ணி வந்த மாரிதான்"னு டீக்கடையில ஓட்டுவாங்க. அவரும் சிரிச்சுக்குவாரு.

அந்த மனுசன் வாழ்க்கையில ஒரே ஒரு தடவதான் அவசரப்பட்டாரு.

தை மாசக் கடைசியில ரிட்டயர் ஆகி, மாசி பாதியில பணம் மொத்தமா பேங்குல வந்து விழுந்துச்சு. கிராஜுவிட்டி, பென்ஷன்ல ஒரு பங்க மொத்தமா முன்கூட்டியே தர்ற கம்முட்டேஷன், லீவு சம்பளம் எல்லாம் சேத்து. அன்னைக்குச் சாயந்தரமே அவரு பொண்டாட்டி பொன்னுத்தாயோட அண்ணன் அண்ணாதுரை வந்தாரு. சக்கர மில்லுல வேல பாத்து ரிட்டயர் ஆனவரு. நல்ல மனுசன், தங்கச்சி குடும்பம்னா உயிர விடுவாரு.

"மாப்ள, இந்தப் பணத்த மார்ச் முப்பத்தொண்ணு தாண்ட விட்டுடாதீங்க. அன்னைக்குக் கணக்குல என்ன கெடக்கோ அதுல முப்பது பர்சன்ட் வரின்னு பிடிச்சிடுவான். எனக்கு லீவு பணத்துல பிடிச்சான்ல, பாத்தீங்கல்ல. ஒங்களுக்கு ஏழு லட்சம் போயிடும்."

"அதுக்கு என்ன மச்சான் செய்றது?"

"மதி கல்யாணத்த முடிச்சிடுங்க. கல்யாணச் செலவுன்னா எவனும் கேக்க மாட்டான்."

மன்னார்குடி பக்கத்துலேர்ந்து ஒரு எடம் வந்திருந்துச்சு. பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில சூப்பர்வைசர். திருப்பூருக்கு ஒரு நட போயி விசாரிச்சுட்டு வரணும்னு துரைராசு நெனச்சுக்கிட்டுதான் இருந்தாரு. ஆனா மண்டபம் பாக்கணும், நக எடுக்கணும், பத்திரிக அடிக்கணும், கையில இருந்தது அஞ்சு வாரம். போகல. பங்குனி எட்டாம் தேதி தாலி கட்டியாச்சு.

கல்யாணத்துக்கு முன்னாடி மதி ஒரே ஒரு தடவதான் கேட்டா. "ஏப்ரல்ல கவர்மெண்ட் வேலைக்கான பரிச்சப்பா. ஹால் டிக்கெட் வந்துடுச்சு. ஒரு மாசம் தள்ளுங்களேன், எழுதிட்டு வந்துடுறேன்."

"மாப்ள வீட்டுல அவசரப்படுத்துறாங்க பாப்பா"ன்னாரு.

பதினாலு மாசத்துல ஒரு சூட்கேஸோட திரும்பி வந்தா. அவனுக்குத் திருப்பூர்ல ஏற்கனவே ஒரு குடும்பம் இருந்துச்சு. ரெண்டாங் கிளாஸ் படிக்கிற பையன் இருந்தான். அந்தத் தெருவுல யாரக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாங்க. இப்ப திருவாரூர் கோர்ட்டுல கேஸு நடக்குது. மதி பக்கத்துல ஒரு நர்சரி பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்குறா. அந்தப் பழைய ஹால் டிக்கெட் பீரோத் தட்டுல, பேப்பருக்கு அடியில கெடக்குறத துரைராசு பாத்திருக்காரு. எடுத்துப் போடவும் மனசு வரல, கேக்கவும் வாய் வரல.

பத்தொம்பதாம் நாள் மதியே ஸ்கூட்டிய எடுத்துட்டா. "ஏறுங்கப்பா, இன்னைக்கு லீவு போட்டுட்டேன்."

ஆடிட்டர் ஆபீஸ்ல பர்வின்னு ஒரு பொண்ணு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருந்துச்சு. மதிய விட ரெண்டு மூணு வயசு கம்மியா இருக்கும்.

"ஆதார், பான் கார்டு, பென்ஷன் புத்தகம் எல்லாம் கொண்டாந்தீங்களாய்யா?"

துரைராசு பைய எடுத்துக் குடுத்துட்டு, மக பக்கம் திரும்பி, "நீ போயி ஒரு காபி குடிச்சிட்டு வாயேன் பாப்பா"ன்னாரு.

"ஓடிபி வரும்ப்பா. போன் எங்கிட்டல்ல இருக்கு." பர்வினப் பாத்துச் சிரிச்சா. "அப்பா எந்த ஷட்டர வேணா தொறந்துடுவாரு. போனத்தான் தொறக்கத் தெரியாது."

பர்வின் தட்டித் தட்டிப் பாத்துச்சு. ஒரு தடவ ஓடிபி கேட்டுச்சு, மதி சொன்னா. துரைராசு நாற்காலி நுனியில உக்காந்து, கொரலத் தாழ்த்தி ஆரம்பிச்சாரு.

"தப்பு என் மேலதாம்மா. வரி கட்டாம விட்டுட்டேன். அபராதம் எவ்வளவுன்னு சொல்லு, தவணையில கட்டிடுறேன்."

"எதுக்குய்யா வரி?"

"அந்த ரிட்டயர்மென்ட் பணத்துக்கு. முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள எடுத்துட்டேன்ல."

பர்வின் நிமுந்து பாத்துச்சு. "நீங்க கவர்மெண்ட் ஸ்டாஃப்தான? கிராஜுவிட்டி, கம்முட்டேஷன், லீவு சம்பளம், எதுக்குமே ஒங்களுக்கு வரி கெடையாது. பேங்குலயே போட்டு வச்சிருந்தாலும் அதுல வர்ற வட்டியத்தான் வருமானத்துல சேக்கணும். மாசா மாசம் வர்ற பென்ஷன் சம்பளம் மாரி கணக்குல வரும். ஒங்க பென்ஷன் வரம்புக்குள்ளதான் இருக்கு. இது சும்மா விவரம் கேட்டு வந்தது, பதில் போட்டா முடிஞ்சுது."

"என் மச்சானுக்குப் பிடிச்சாங்களே?"

"அவரு எங்க வேல பாத்தாரு?"

"சக்கர மில்லு. தனியாரு."

"அவங்களுக்கு ஒரு வரம்பு உண்டுய்யா. அதுக்கு மேல போனா பிடிப்பாங்க. ஒங்களுக்கு வேற, அவங்களுக்கு வேற."

 கடைசியா ஒண்ணக் கேட்டாரு. "இது இப்ப மாத்துன சட்டமாம்மா? மூணு வருஷத்துக்கு முன்னாடி வேற மாரி இருந்துச்சா?"

ஆமான்னு சொல்லிடக் கூடாதான்னு அந்தப் பொண்ணு மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

"இல்லய்யா, எப்பவும் இப்படித்தான். நான் பொறக்குறதுக்கு முன்னாடிலேர்ந்தே இப்படித்தான் இருக்கு." சிரிச்சுக்கிட்டே பேப்பர பிரிண்ட் எடுத்துக் குடுத்துச்சு. "நிம்மதியாப் போயிட்டு வாங்க."

மதி பேப்பர வாங்கி மடிச்சுப் பைக்குள்ள வச்சா.

திரும்பி வர்றப்ப ஆத்துக்கரையில, தலைப்புக்குக் கொஞ்சம் முன்னாடி வண்டிய நிறுத்துனா. புதுத்தண்ணி வந்து நாலு நாளாச்சு. ரெண்டு ஷட்டரு தூக்கியிருந்துச்சு. துரைராசு அளவுக்கல்லு பக்கம் பாக்கவே இல்ல.

"அப்பா, அவங்க வீட்டுல அவசரப்படுத்தலல்ல?"

ஒரு பொய்ய மூணு வருஷம் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சாச்சு. இன்னும் கொஞ்ச தூரம் தூக்கலாமான்னு ஒரு நிமிசம் தோணுச்சு. அப்புறம் சொல்லிட்டாரு.

"இல்ல பாப்பா. அவங்க வைகாசிக்கு வச்சுக்கலாம்னுதான் சொன்னாங்க. நான்தான் அந்தத் தேதிக்குள்ள முடிக்கணும்னு நின்னேன். வரியில போயிடும்னு பயந்துட்டேன். திருப்பூருக்குப் போயி விசாரிக்கணும்னு நெனச்சேன், போகல. என்னய என்ன வேணா சொல்லு."

மதி தண்ணியப் பாத்துக்கிட்டே இருந்தா.

"எனக்குத் தெரியும்ப்பா."

அவருக்குப் புரியல.

"மாமா அன்னைக்கு ஒங்ககிட்ட சொன்னப்ப நான் அடுப்பங்கரையிலதான் நின்னேன். ஏழு லட்சம் போயிடும்னாரு. முப்பத்தோரு வருஷம் மழையிலயும் வெயில்லயும் இந்தக் கரையில நின்னு வாங்குன பணம், என் பரிச்சையால போகணுமான்னு நெனச்சேன். மனசு கேக்காம ஒரு தடவ ஒங்கள்ட்ட கேட்டுப் பாத்தேன். நீங்க முடியாதுன்னதும் விட்டுட்டேன்."

துரைராசு கரையில அப்படியே உக்காந்துட்டாரு.

"கையில போன் இருந்துச்சுப்பா. கவர்மெண்ட் வேலைக்குன்னு ராவும் பகலும் படிச்சுக்கிட்டு இருந்தேன். இத ஒரு தடவ தேடிப் பாக்கணும்னு எனக்கும் தோணலயே."

அவ திட்டியிருந்தா கேட்டுக்கிட்டு இருந்திருப்பாரு. ரெண்டு வருஷமா அதுக்குத்தான் தயாரா இருந்தாரு. தப்புல பாதிய அவ எடுத்து வச்சுக்கிட்டதத்தான் தாங்க முடியல. மேல்துண்ட எடுத்து மொகத்த மூடிக்கிட்டாரு. மதி பக்கத்துல வந்து நின்னா. தொடவும் இல்ல, தேத்தவும் இல்ல. கூட நின்னா, அவ்வளவுதான்.

போன் அடிச்சுது. பொன்னுத்தாய்தான்.

"என்னாடி ஆச்சு? எவ்வளவு கட்டணுமாம்?"

"ஒண்ணும் கட்ட வேணாமாம்மா."

"நெசமாவா?"

"வரியே கெடையாதாம்."

"ஆத்தா மாரியம்மா." பொன்னுத்தாய்க்குக் கொரலு ஒடைஞ்சு போச்சு. "பதினெட்டு நாளா ஒங்கப்பா தூங்கலடி. ஒண்ணும் ஆகாம இருந்தா மாவிளக்கு போடுறேன்னு வேண்டிக்கிட்டேன். வர்றப்ப அரைக் கிலோ வெல்லம் வாங்கிட்டு வாங்க. ஒங்கப்பா என்ன செய்யிறாரு, சந்தோசமா இருக்காரா?"

மதி அவரத் திரும்பிப் பாத்தா.

"ஆங், இருக்காரும்மா. வந்துடுறோம்."

போன வச்சுட்டு வண்டியத் திருப்பி நிறுத்துனா. அவரு எந்திரிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து, "வெல்லம் வாங்கணுமாம்ப்பா"ன்னா. துரைராசு துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு, பின்னாடி ஏறி உக்காந்தாரு.