நாலரையா, ஐந்தரையா

காலையில் முதல் அடி வைக்கும்போதுதான் குதிகால் உயிரை எடுக்கும். ஆணி மேல் ஏறி நின்ற மாதிரி இருக்கும். பத்து அடி நடந்தால் மரத்துப்போகும். அதன்பிறகு நாள் முழுக்க வகுப்பில் நிற்க வேண்டியதுதான். டாக்டரிடம் காட்டினால் நிற்காதே என்பார். அதைச் சொல்ல டாக்டர் எதற்கு?

டீச்சருக்கு உடம்புவலி புதிதில்லை. அவள் அம்மா சித்தாள். பள்ளிக்கூடம் லீவு விட்டால் இவளும் சும்மாடு கட்டிச் செங்கல் சுமந்தவள்தான். அப்படிச் சுமந்து படித்து, பத்து வருஷம் சொந்த ஊரில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தாள். பாடப்புத்தகத்தில் நாலு பருவத்துக்கு நாலு படம் இருக்கும். இலை உதிரும் மரத்தையும் பனி மூடிய வீட்டையும் கண்ணால் பார்க்காமலே கேள்வி கேட்டு மார்க்கும் போட்டாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வெயில், கொஞ்சம் கம்மி வெயில், மழை.

இப்போது அந்தப் படத்துக்குள்ளேயே வந்து பிழைக்கிறாள். பல நாடுகளிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் கற்றுத் தரும் நிலையத்தில் வேலை. கோடையில் வந்து இறங்கினாள். எல்லாவற்றையும் இந்த நாட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டாள், போனில் இருக்கும் கடிகாரத்தைத் தவிர. அது ஊர் நேரத்திலேயே ஓடியது. காரணம் மகள். பன்னிரண்டு வயசு. புருஷன் லாரி ஓட்டுகிறவர், விடியுமுன் கிளம்பிவிடுவார். அலாரம் அடித்தால் அதன் தலையில் தட்டிவிட்டுத் தூங்குகிற பெண் அது. அம்மா குரலுக்குத்தான் எழும். ஊரில் ஆறு மணி அடிக்கும்போது இவள் இங்கே பாதித் தூக்கத்தில் எழுந்து, “ஏ கழுதை, எந்திரி” என்பாள். அந்த ஒரு வேலையில் மட்டும் கணக்குத் தப்பக் கூடாது என்றுதான் போனை ஊர் நேரத்தில் வைத்திருந்தாள். இங்கே மணி பார்க்க மனசுக்குள் நாலரையைக் கழித்துக்கொள்வாள். அறையில் வேறு கடிகாரம் கிடையாது.

இலைகள் பழுத்து விழத் தொடங்கிய ஒரு திங்கட்கிழமை. எட்டு மணி வகுப்புக்கு வந்து சேர்ந்தால் நிலையத்தின் கதவு பூட்டிக் கிடந்தது. தெருவில் ஆள் இல்லை. குளிர் காதைக் கடித்தது. கொஞ்ச நேரத்தில் நிலையத்தைக் கூட்டித் துடைக்கிறவள் சாவிக்கொத்தோடு வந்தாள். அவளும் இவள் வகுப்பில் படிக்கிறவள்தான், வேறொரு நாட்டுக்காரி. சக்கரம் வைத்த வாளியை எந்நேரமும் இழுத்துக்கொண்டு திரிவதால் டீச்சர் அவளுக்கு வைத்த பெயர் வாளியக்கா. அக்கா என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். இருவரும் பேசுவது என்னவோ ஆங்கிலம். டீச்சர் காதில் அது தமிழாகத்தான் விழும்.

“என்ன டீச்சர், தூக்கத்துல நடந்து வந்துட்டீங்களா?”

“எட்டு ஆகலையா அக்கா?”

“ஏழுதான். முந்தாநாள் ராத்திரி நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வச்சுச்சே. வருஷா வருஷம் குளிர் வந்தா நடக்கிறதுதான். உங்க ஊர்ல கிடையாதா?”

“எங்க ஊர்ல கடிகாரத்துல கை வச்சா எங்கப்பா கையை ஒடிச்சிருவார்.”

வாளியக்கா சிரித்துக்கொண்டே அவளை உள்ளே விட்டாள். பெஞ்சில் உட்காரவைத்துத் தன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். “காலைத் தூக்குங்க” என்று பெஞ்சின் அடியில் துடைத்தாள். வெளியே எட்டிப் பார்த்து மரங்களைத் திட்டினாள். “வெட்கமே இல்ல இதுங்களுக்கு. தினம் கூட்டுறேன், தினம் கொட்டுது.” பிறகு சொன்னாள்: “பனி முடிஞ்சதும் திரும்ப முன்னால தள்ளுவாங்க. அன்னிக்கு லேட்டா வந்து நிப்பீங்க, பாருங்க.”

“ஒரு தடவை பட்டா போதாதா?” என்றாள் டீச்சர். அன்றிலிருந்து ஐந்தரையைக் கழித்தாள்.

பனி வந்தது. மகள் போனில் கேட்டாள், “சினிமால வர்ற மாதிரியே இருக்காம்மா?”

“சினிமால யாரும் அதை அள்ளிப் போடறதில்லடி.”

டீச்சர் ஊர்ச் செருப்புக்கடையில் வாங்கிய ஷூ முதல் வாரத்திலேயே தண்ணீர் குடித்தது. வாளியக்கா தன் பழைய பூட்ஸைக் கொண்டுவந்து காலடியில் வைத்தாள். ஒரு அளவு பெரிசு. முன்னால் காகிதம் திணித்துப் போட்டுக்கொண்டாள்.

பனிக்காலத்தில் வகுப்பு நிரம்பி வழிந்தது. கட்டட வேலை நின்றுபோன ஆட்கள் எல்லாம் வந்து உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் சூட்டுக்காக வந்தவர்கள், அதுவும் நியாயம்தான். மண் தெரிய ஆரம்பித்ததும் ஒவ்வொருவராகச் சாரம் கட்டப் போய்விட்டார்கள். பேச்சுத் தேர்வுக்கு மிஞ்சியது வாளியக்கா ஒருத்திதான்.

அவளுக்கு அது வெறும் தேர்வில்லை. தேறினால்தான் சின்ன மகளை அழைத்துக்கொள்ள மனுப் போட முடியும். விட்டுவிட்டு வந்தபோது பல் முளைக்காத பிள்ளை அது. “மேல்பல் ரெண்டும் விழுந்துருச்சாம் டீச்சர். புதுப் பல் வர்றதுக்குள்ள பாத்துரணும்.” தேர்வு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு. எத்தனை மணி நேரம் வகுப்புக்கு வந்தாள் என்ற தாளில், பாடம் நடத்தியவர் தேர்வன்று நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள்.

“எட்டரைக்கே வந்து நிப்பேன் அக்கா” என்று வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டு வந்தாள்.

ஞாயிறு முழுக்கக் கட்டிலை விட்டு எழவில்லை. மாதக்கணக்கான தூக்கம் பாக்கியிருந்தது. திங்கள் ஊர் நேரம் ஆறுக்கு மகளை எழுப்பினாள். அறையில் கூட இருக்கிறவள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் ராத்திரி வேலை முடித்துக் காலையில் வந்து தூங்குகிறவள். அவளுக்காகப் போனைச் சத்தமில்லாமல் வைத்தாள். குளித்துக் கிளம்பும்போது போன் மதியம் ஒன்றரை காட்டியது. ஐந்தரை போனால் எட்டு. நிதானமாக நடந்தாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. பருவம் மாறிவிட்டது, சீக்கிரமே விடிகிறது என்று நினைத்துக்கொண்டாள். மொட்டை மரங்களில் பச்சை துளிர்த்திருந்ததைக்கூட நின்று பார்த்தாள்.

நிலையத்தின் நடையில் வாளியக்கா தரை துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே நல்ல சட்டை. அதன் மேலேயே வேலைக் கோட்டை மாட்டியிருந்தாள். சுவர்க் கடிகாரம் ஒன்பதரை காட்டியது.

முந்தாநாள் ராத்திரி கடிகாரத்தை முன்னால் தள்ளிவிட்டார்கள்; கழிக்க வேண்டியது நாலரை. பையிலிருந்து போனை எடுத்தாள். பதினோரு அழைப்புகள்.

“தேர்வு வைக்க வந்தவங்க ஒன்பதே கால் வரைக்கும் பாத்தாங்க” என்றாள் வாளியக்கா. “தாள் இல்லாம முடியாதுன்னுட்டாங்க.”

“நான் போய்ப் பேசுறேன் அக்கா.”

“யார்கிட்ட? பெட்டியைக் கட்டிக்கிட்டுக் காரேறிப் போயாச்சு.”

இருந்தும் அலுவலகத்துக்கு ஓடினாள். குமாஸ்தா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “அடுத்தது ஆறு மாசம் கழிச்சு. இலை கொட்டுற சமயத்துல.”

“தப்பு என்னோடது சார். அவங்க நேரத்துக்கு வந்துட்டாங்களே.”

“வந்தாங்க. நானும்தான் பாத்தேன். ஆனா கையெழுத்து வரலையே.”

திரும்பி வந்து அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். குதிகால் விண்விண் என்று தெறித்தது. என்ன சொல்வது? கடிகாரம் என்று ஆரம்பித்தாள். வாளியக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். துடைப்பத்தை வாளியில் போட்டுப் பிழிந்தாள். பிழிந்ததையே இன்னொரு தடவை பிழிந்தாள்.

“உங்க பொண்ணு இன்னிக்கு ஸ்கூலுக்குப் போச்சா?”

“போயிருச்சு.”

“நேரத்துக்கா?”

“நேரத்துக்குத்தான்.”

“நல்லது” என்றாள் வாளியக்கா. குத்திக் காட்டிய மாதிரி இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “காலைத் தூக்குங்க.”

தூக்கினாள். காலில் இன்னும் அவளுடைய பூட்ஸ்தான். “இதை நாளைக்குக் கொண்டாந்து தந்துடறேன் அக்கா.”

“வச்சுக்கோங்க. அடுத்த பனிக்கும் வேணும்ல.”

வாளியின் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு நடையின் அடுத்த கோடிக்குப் போனது. பூட்ஸ் என்ன பெரிய கடன், கழற்றிக் கொடுத்தால் தீர்ந்தது. வாளியக்காவுக்கு அவள் தர வேண்டியது ஆறு மாதம்.