சுறாவும் கடல் உடும்பும்

"உன் சுறா வாயத் தொறக்கறதுக்குள்ள என் உடும்பு அது தொண்டைய..."

"தொண்டை எட்டினாதானே. ரெண்டு லாரி நீளம்னு சொல்றான் இல்ல..."

"நீளம் இருந்தா ஆயிடுமா? சாரைப்பாம்புகூடத்தான் நீளம்."

"எடையக் கேளு நீ மொதல்ல. வாலால ஒண்ணு போட்டா உன் உடும்பு..."

"உடும்பு கவ்வினா வுடுமாடா? நீ வுட்டுப் பாத்துகிறியா?"

கச்சிராயபாளையத்துக்குக் கிழக்கே, பாதி வெட்டிய கரும்புக் கொல்லையில், மதியச் சோறு தின்ற கை காய்வதற்குள் அண்ணனும் தம்பியும் இப்படிக் கட்டிப் புரண்டார்கள், வாயால்தான். அண்ணன் கொளஞ்சியப்பன். தம்பி இருசப்பன். வெட்டுக் கும்பலில் அவர்கள் ஒரு ஜோடி. அண்ணன் முன்னால் வெட்டிக்கொண்டு போவார், தம்பி பின்னால் சோகையை, காய்ந்த தோகையை, கழித்துக் கட்டுக் கட்டுவான்.

சண்டைக்குக் காரணம் இருசப்பனின் செல்போன். மனிதன் என்று ஒருவன் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பு கடலை ஆண்ட பிராணிகளைப் பற்றி அதில் ஒரு படம் ஓடியது. உள்ளங்கை அகலப் பல்லோடு ஒரு ராட்சதச் சுறா. துடுப்புக் கால்களும் முதலை வாயுமாக ஒரு பல்லி, நம் உடும்புக்குத் தூரத்து உறவாம். இரண்டும் மோதினால் எது ஜெயிக்கும் என்று படத்துக்காரன் கேட்ட இடத்தில் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது. மிச்சத்தை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேருமே கடலைப் பார்த்ததில்லை. அவர்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் கோமுகி அணைதான்.

மூச்சு வாங்க மேலே வந்தே தீரவேண்டிய உடும்பு எப்படி ஜெயிக்கும் என்றான் தம்பி. எலும்பே இல்லாத மீனுக்கு இவ்வளவு பேச்சா என்றார் அண்ணன். கும்பல் சிரித்தது. மேஸ்திரி கண்ணாயிரம் தன் பங்குக்கு ஒருமுறை அண்ணன் பக்கமும் ஒருமுறை தம்பி பக்கமும் சேர்ந்து தூண்டிவிட்டார்.

"உன்னைத் தோள்ல தூக்கினு போயி அணையக் காட்டுனதே நானு" என்றார் கொளஞ்சியப்பன். "எனக்கே தண்ணியப் பத்தி சொல்ல வந்துட்டான்."

எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். தாய் தகப்பன் போனபின் அந்தத் தோளில்தான் இருசப்பன் வளர்ந்தான். அது ஊருக்கே தெரியும். ஆனால் ஊர் சிரிக்கும்போது கேட்டால் அது வேறு மாதிரி இருந்தது.

"எப்பப் பாரு தூக்குனேன் தூக்குனேன்னுகினு. உனக்குன்னு ஒண்ணு பொறந்திருந்தா என்னைத் தூக்கியிருப்பியா?"

சிரிப்பு நின்றது. கொளஞ்சியப்பனுக்கும் செல்லியம்மாளுக்கும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர் எதிரில் இதுவரை யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவர் எழுந்து வாய்க்காலில் கையைக் கழுவினார். வரப்பு வேம்படியில் முனியப்பன் கல் இருந்தது. மேஸ்திரி காலையில் முதல் வெட்டுக்கு முன் அங்கே சூடம் கொளுத்துவது வழக்கம். மிச்சமிருந்த சூடத்தைக் கொளஞ்சியப்பன் எடுத்து ஏற்றி, அது எரியும்போதே உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

"எது பெருசுன்னு தெரிஞ்சி, தோத்தவன் இங்க வந்து சூடம் ஏத்தட்டும். அது வரைக்கும் இவனுக்கும் எனக்கும் பேச்சு கிடையாது."

அது சுறாவுக்காகச் செய்த சத்தியம் இல்லை என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் சொன்னது அப்படித்தான். முனியப்பன் முன்னால் சூடம் அணைத்துச் சொன்ன சொல்லை மீறினால் வீட்டில் இருக்கிற சின்ன உயிரின்மேல்தான் அது வந்து விழும் என்பார்கள். இருசப்பனுக்கு ஒரே மகள், நடைவண்டி பிடித்து நடக்கிறவள். அது அந்த நேரத்தில் அவன் புத்தியில் படவில்லை. வீம்புக்கு அவனும் போய் ஒரு சூடத்தை ஏற்றி அணைத்தான். உள்ளங்கை கொப்பளித்தது.

ஜோடியை நடுப்பருவத்தில் மாற்ற முடியாது. மறுநாளும் அதே கரும்பு வரிசையில்தான் முன்னும் பின்னுமாக நின்றார்கள். முன்பெல்லாம் அவர்கள் இருக்கும் பக்கம் சத்தம் ஓயாது. கத்தி வருது, குனி, கட்டு வருது, தள்ளு. கரும்பு வெட்டில் பாதி வேலை வாய்தான் செய்யும். இப்போது கத்தி விழுகிற ஓசை மட்டும் கேட்டது. பெரியவர் இன்றைக்கு இறங்கி வருவார், நாளைக்கு வருவார் என்று கண்ணாயிரம் பார்த்தார். தானே மூட்டிவிட்டது உறுத்தியதோ என்னவோ, சத்தியத்தைக் கழிக்க வேறு வழி உண்டா என்று பூசாரியைக் கேட்டுப் பார்த்தார். அணைத்தவர்கள்தான் ஏற்றவேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு காலை. கட்டுக்காகக் குனிந்த இருசப்பன் பார்த்தான். அண்ணனுடைய குதிகாலுக்கு ஒரு சாண் தள்ளி, காய்ந்த சோகைக்குள் சோகை நிறத்திலேயே சுருண்டு கிடந்தது கண்ணாடி விரியன்.

வாய் திறந்தது. ண்ணா என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. உள்ளங்கைக் கொப்புளம் சுட்டது. மகளின் முகம் வந்தது. கையில் கரும்பு இருந்தது. பாம்புக்கும் காலுக்கும் நடுவில் விழட்டும் என்று எறிந்தான்.

அது அண்ணனின் கெண்டைக்காலில் விழுந்தது.

கொளஞ்சியப்பன் திரும்பினார். தம்பியின் ஓங்கிய கை இன்னும் இறங்காமல் இருந்ததைப் பார்த்தார். அவரும் ஒன்றும் பேசவில்லை. அடித்தவனை நோக்கி ஒரே ஓர் எட்டு வைத்தார், வைத்த இடத்தில் அது கிடந்தது.

கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் ஊசி மேல் ஊசி போட்டார்கள். உயிர் தங்கியது. ஆனால் கால் தொடைவரை வீங்கிக் கறுத்தது. அதன்பின் சிறுநீர் நின்றது. ரத்தத்தை எடுத்து மெஷினில் கழுவி உள்ளே விட்டார்கள். மூத்திரம் பிரிந்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். செல்லியம்மாள் கட்டிலுக்கடியில் தொங்கிய மூத்திரப் பையைப் பார்த்தபடியே கிடந்தாள். பை காலியாகவே இருந்தது.

இருசப்பன் வார்டு வாசலைத் தாண்டவில்லை. வாங்கிவந்த இளநீரையும் ரொட்டியையும் அண்ணி வெளியே வந்து வாங்கிக்கொள்வாள்.

"நான் சொன்னேன்பா, பாம்பப் பாத்துட்டுதான் எறிஞ்சான்னு" என்றாள் ஒருநாள். "பாம்பப் பாத்தவன் கத்துவானா, எறிவானான்னு கேக்கறாரு."

"பேசக்கூடாதே அண்ணி."

"அதையும் சொன்னேன். மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கினாரு."

அன்றைக்கு அவனுக்கு ஒன்று தோன்றியது. தோற்றவன் போய்ச் சூடம் ஏற்றினால் பேசலாம். தோற்றவன் தானாக இருந்துவிட்டால் போதும், அடுத்த பஸ்ஸில் முனியப்பனிடம் ஓடிவிட்டு வந்து அண்ணனின் காலைப் பிடித்துக்கொள்ளலாம். நோயாளிகளின் சொந்தக்காரர்கள் துண்டை விரித்துப் படுத்திருந்த வராந்தாவில், பிளக்கில் போனைச் சொருகி, சுவரோரம் குந்தி, அன்று பாதியில் நின்ற படத்தை முதலில் இருந்து போட்டான். உடும்பே, நீ ஜெயிச்சிடு என்று வேண்டிக்கொண்டு பார்த்தான்.

உடும்பு நீளத்தில் தோற்றது. எடையில் தோற்றது. கடியின் வலுவிலும் சுறாதான் என்றான் படத்துக்காரன். அப்படியானால் சூடம் ஏற்றவேண்டியது அண்ணன். அண்ணனால் எழுந்து உட்காரவே முடியாது.

போனை அணைக்கத்தான் போனான். அதற்குள் அன்று அவர்கள் கேட்காமல் விட்டது வந்தது. இந்தச் சண்டை நடந்ததே இல்லை என்றான் படத்துக்காரன். உடும்பு இனம் பூண்டோடு அழிந்து நாலு கோடி வருஷத்துக்கு மேல் ஆனபிறகுதான் அந்த ராட்சதச் சுறா கடலுக்கே வந்ததாம். ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்ததில்லை. ஒன்றின் பல்லை ஒன்று அறிந்ததில்லை.

இருசப்பன் அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான். பிறகு சார்ஜரைப் பிடுங்காமல், போனை எடுக்காமல் எழுந்தான். மகளை நினைத்தான், கால் ஒருகணம் நின்றது. நினைத்துக்கொண்டே வாசலைத் தாண்டினான்.

செல்லியம்மாள் அவனைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். கொளஞ்சியப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். விழித்துதான் இருந்தார், இமை அடித்தது. தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அவன் உட்கார்ந்து அணை பார்த்த தோள். பாம்பைச் சொல்லத்தான் வந்திருந்தான், கரும்பைச் சொல்ல, அன்று சோற்று நேரத்தில் விட்ட வார்த்தையைச் சொல்ல. கட்டில் கம்பியைப் பிடித்துக் குனிந்தான். காதருகில் வந்தபோது வாயில் இருந்தது வேறு.

"அந்த ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்ததே இல்லியாம்ண்ணா, யாருமே தோக்கலியாம், எங்கிட்ட பேசேன்."