சிவப்புக் கோடு நீலக் கோட்டைத் தொட்ட இடம்

கம்ப்யூட்டர் திரையில் இரண்டு மென்பொருள்கள் திறந்து கிடந்தன. ஒன்று பளபளப்பான ஸ்லைடுகள் செய்யும். மற்றது கட்டமும் அம்புக்குறியும் போட்டு வரைபடம் வரையும். இரண்டில் எது? மாலைக்குள் வேலை முடிந்தாக வேண்டும்.

அக்காவின் சலவைக்கூடம் ஒரே ஒரு மருத்துவமனையை நம்பி ஓடியது. அங்கே புதிதாக வந்த தலைமை நர்ஸ் கேட்டது இவ்வளவுதான்: "அழுக்குத் துணியும் சுத்தமான துணியும் எங்கேயும் சந்திக்காதுன்னு காட்டுங்க." நாளைக் காலை காட்டாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு.

தம்பி ஒரு பட்டனைத் தட்டினான். வெள்ளை விரிப்பு ஒன்று திரையில் மிதந்து வந்து தானாக மடிந்தது.

"எப்படிக்கா? அசந்துடுவாங்க!"

"நல்லாத்தான் இருக்கு. அது எந்த வாசல் வழியாடா வந்துச்சு?"

"ஸ்லைடுல வாசல் எதுக்கு?"

"அவங்க கேட்டதே அதானே. இன்னொண்ணைத் திற."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திறந்தான். அழுக்குக்குச் சிவப்புக் கோடு, சுத்தத்துக்கு நீலம். அக்கா சொல்லச் சொல்ல மேசை, வாஷிங் மெஷின், உலர்த்தி, அலமாரி எல்லாம் கட்டங்களாயின. வாசலுக்கு வந்ததும் மவுஸ் நின்றது.

உள்ளே வரும் சிவப்பும் வெளியே போகும் நீலமும் ஒரே கதவில் சந்தித்தன.

"அக்கா... பின்வாசல்?"

"அங்கேதான் உங்க மாமா இஸ்திரி மெஷினை நிறுத்தியிருக்காரே."

துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவின் கணவர் நிமிரவில்லை. "காத்து வரும்னு வெச்சேன்" என்றார் விரிப்பிடம்.

அதை நகர்த்த மின்இணைப்பை மாற்ற வேண்டும். எலக்ட்ரீஷியன் நாளை மறுநாள்தான் வருவார்.

"பேசாம ஸ்லைடே போடலாம்க்கா. கோடே இல்லேன்னா எது இடிக்கப் போகுது?"

அக்கா திரையில் இருந்த கதவின் மேல் விரலை வைத்தாள்.

"நோயாளி படுக்கிற துணிடா. அந்தக் கதவைச் சுத்தி வட்டம் போடு."

"நம்ம தலையில நாமே மண்ணள்ளிப் போட்டுக்கறதா?"

"பெருசாவே போடு."

மறுநாள் மருத்துவமனையில் தலைமை நர்ஸின் விரல் நேராக வட்டத்தில் போய் நின்றது.

"இது என்ன?"

"எங்க தப்பு, மேடம். நாளைக்குப் பின்வாசல் திறந்துடும். அதுவரைக்கும் காலையில அழுக்குத் துணி மட்டும் உள்ளே வரும். கதவு, தரை எல்லாம் கழுவின பிறகுதான் சுத்தமானது வெளியே போகும்."

நர்ஸ் வரைபடத்தை மடித்துப் பையில் வைத்தார்.

"நாளைக்குச் சாயந்தரம் இதை வெச்சுக்கிட்டே நடந்து பார்ப்பேன். கோடும் கதவும் ஒத்துப்போனா வேலை உங்களுக்கு. இல்லேன்னா இல்லை."

படியிறங்கும்போதே தம்பி போனை எடுத்தான்.

"மாமா, எலக்ட்ரீஷியன் எந்த ஏணி மேல இருந்தாலும் சரி, இன்னைக்கே இறக்கிக் கூட்டிட்டு வாங்க!"